செயின் ஆயிலர்: ஸ்பான்சராகப் பெற்ற கருவியும் நெடும்பயணத்தில் அது உழைத்த விதமும்

வண்டி ஓடும்போதே செயினுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடும் கருவிதான் செயின் ஆயிலர். இங்கே மதிப்பிடும் கருவியை நான் விலை கொடுத்து வாங்கவில்லை. நெடுந்தூர மோட்டார் சைக்கிள் பயணத்துக்கு ஆதரவு கேட்டு எழுதியபோது, இதைத் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்று இலவசமாகக் கொடுத்தது. இந்த விவரத்தை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை எஞ்சினின் உறிஞ்சலால் இயங்கும் எல்லாச் செயின் ஆயிலர்களுக்கும் பொருந்துபவை என்பதால், பெயர் இல்லாமலேயே இது பயன்படும் என்று நம்புகிறேன். இந்த வகையில் பரவலாக அறியப்பட்டது 1980களில் ஸ்காட்லாந்தில் உருவான ஸ்காட்டாய்லர். எனக்குக் கிடைத்தது வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு என்றாலும் இயங்கும் தத்துவம் ஒன்றுதான்.

கருவி எதற்காக என்பதை முதலில் பார்த்துவிடலாம். இன்றைய பெரிய வண்டிகளில் வரும் ஓ-ரிங், எக்ஸ்-ரிங் செயின்களில் கண்ணிகளை இணைக்கும் பின் என்ற சிறு தண்டுக்கும் அதைச் சூழ்ந்த புஷ் என்ற குழலுக்கும் இடையே தேவையான கிரீஸைத் தொழிற்சாலையிலேயே அடைத்து, ரப்பர் வளையங்களால் மூடிவிடுகிறார்கள். வெளியிலிருந்து நாம் விடும் எண்ணெய் அந்த இடத்துக்குப் போவதே இல்லை. செயினின் ரோலர் என்ற உருளையும் ஸ்ப்ராக்கெட் என்ற பற்சக்கரத்தின் பல்லும் உரசும் இடத்தை வழவழப்பாக வைப்பதும், ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்காமல் காப்பதும், துரு பிடிக்காமல் தடுப்பதும்தான் அதன் வேலை. இவை மூன்றுக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் போதும், ஆனால் அது இடைவிடாமல் இருக்க வேண்டும். ஸ்ப்ரே அடிப்பவர்கள் பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறை தாராளமாக அடித்துவிட்டு, இடையில் மழையும் புழுதியும் அதைக் கழுவிக்கொண்டு போவதைக் கவனிப்பதில்லை. ஒட்டும் தன்மையுள்ள ஸ்ப்ரேயில் மணல் படிந்தால், அது உப்புத்தாள் போல ரோலரைத் தேய்க்கத் தொடங்கிவிடும். நிமிடத்துக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்துகொண்டே இருக்கும் நீர்த்த எண்ணெய், பழைய அழுக்கையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுகிறது. செயின் ஆயிலரின் பயன் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

இயங்கும் முறை எளிமையானது. எஞ்சின் ஓடும்போது, அதற்குள் காற்று போகும் இன்டேக் குழாயில் உண்டாகும் உறிஞ்சல், ஒரு மெல்லிய டியூப் வழியாக எண்ணெய்க் குப்பியின் உள்ளே இருக்கும் வால்வைத் தூக்குகிறது. வால்வு திறந்ததும் எண்ணெய் தன் எடையாலேயே இறங்கி, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் ஓரமாக ஓடும் இன்னொரு டியூப் வழியே, பின் ஸ்ப்ராக்கெட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் நாசில் என்ற குழல்முனையில் சொட்டுகிறது. எஞ்சினை நிறுத்தினால் வால்வு மூடிக்கொள்ளும். மின்சாரம் தேவையில்லை, பழுதாக மின்னணுப் பாகமும் இல்லை. ஆளரவமற்ற பாதையில் போகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். என்னிடம் உள்ள குப்பியின் கொள்ளளவு 50 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டருக்கு 30 சொட்டு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,500 சொட்டு, அதாவது நிமிடத்துக்கு ஒன்றாக 25 மணி நேர ஓட்டம். மணிக்கு 60 கிலோமீட்டர் சராசரியில் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிரப்ப வேண்டியிருக்கும். நடைமுறையிலும் இந்தக் கணக்கு பெரிதாகப் பிசகவில்லை.

இதை ஸ்பான்சராகக் கேட்ட விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவி எவ்வளவு உழைத்தது என்பதற்கும் கேட்ட விதத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஆதரவு கேட்டு எழுதும் பலர் தங்கள் கனவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, பாதையின் வரைபடத்தை இணைத்து, தங்களைப் பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையைச் சொல்லி, கடைசியில் "உங்களால் இயன்ற உதவி" என்று முடித்துவிடுகிறார்கள். கடிதத்தைப் படிப்பவருக்கு என்ன கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும், பதிலுக்கு என்ன கிடைக்கும் என்ற மூன்றில் ஒன்றுகூட விளங்காது. நான் எழுதிய கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. வண்டியின் மாடல், செயினின் அளவு, போகும் பாதையில் எவ்வளவு தூரம் மண்சாலை, எந்த உயரம்வரை ஏறுவேன், எந்தக் குளிர்வரை இறங்குவேன் என்ற விவரங்களையும், பதிலுக்குச் செயின் தேய்மானத்தைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து, படத்துடன் அனுப்புவேன் என்ற உறுதியையும் மட்டுமே அதில் வைத்தேன். பெரிய நிறுவனத்துக்கு இந்த அளவுகளால் பெரிய பயன் இல்லாமல் இருக்கலாம். சொந்தமாகச் சோதனைச்சாலை வைத்துக்கொள்ள முடியாத சிறு தயாரிப்பாளருக்கோ, தன் பொருள் உறைபனியிலும் புழுதியிலும் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கணக்கோடு சொல்லும் ஆள் கிடைப்பது அரிது. எனக்குப் பின்தொடர்பவர்கள் அதிகம் இல்லாத நிலையிலும் அவர்கள் சம்மதித்ததற்கு அதுதான் காரணம் என்று அவர்களே சொன்னார்கள்.

ஸ்பான்சர் வரலாற்றில் அதிர்ஷ்டத்துக்கும் இடம் உண்டு. 1932இல் லண்டனில் நடந்த ஒரு விருந்தில், உலகைச் சுற்றி மோட்டார் சைக்கிளிலேயே ஊர் திரும்பப் போவதாக ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்க இளைஞர் சொல்ல, அங்கே இருந்த டக்ளஸ் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தைச் சேர்ந்தவர் வண்டியையே தர முன்வந்தார். ஃபுல்டனும் அந்தப் பயணத்தை முடித்துக் காட்டினார். புகழ் இருந்தாலும் கேட்டது கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2004இல் உலகச் சுற்றுக்குக் கிளம்பிய நடிகர்கள் இவான் மெக்ரிகர், சார்லி பூர்மன் இருவரும் முதலில் அணுகியது கேடிஎம் நிறுவனத்தை. அது மறுத்த பிறகுதான் பிஎம்டபிள்யூ வண்டிகளில் போனார்கள். ஆகவே மறுப்புக் கடிதம் வந்தால் மனம் உடைய வேண்டியதில்லை. அடுத்த நிறுவனத்துக்கு அதே கடிதத்தின் பிரதியை அனுப்பாமல், அந்தப் பொருளுக்கு ஏற்பப் புதிதாக எழுத வேண்டும்; அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் நான் கவனித்தவை இரண்டு. முதலாவது, எழுதுவதை வெளியிடுமுன் தங்களிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்ற நிபந்தனை இருக்கக் கூடாது. வரைவில் அப்படி ஒரு வரி இருந்தது. நீக்கச் சொன்னேன், தயங்காமல் நீக்கினார்கள். அந்த வரி இருந்திருந்தால் இந்த மதிப்புரையை எழுதியிருக்க மாட்டேன். இரண்டாவது, கருவியோடு உதிரிப் பாகங்களும் சேர்ந்து வர வேண்டும். பொருளைக் கொடுப்பவர்கள் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள், அதன் வாஷரைக் கேட்டால் யோசிப்பார்கள் என்பது பயணிகளிடையே பலரும் சொல்லும் குறை. ஆகவே கூடுதல் நாசில் முனைகள், இரு டியூப்களிலும் போதிய நீளம், டி வடிவ இணைப்பு, உறிஞ்சல் முனையை அடைக்கும் ரப்பர் மூடி ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பட்டியலாகவே ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னேன். பின்னால் என் பயணத்தைக் காப்பாற்றியது அந்தப் பட்டியல்தான். விசா, எரிபொருள், எல்லையில் வண்டிக்குக் காட்டும் கார்னெட் ஆவணத்துக்கான வைப்புத் தொகை போன்ற கனமான செலவுகளை இப்படிப்பட்ட ஆதரவு தொடுவதில்லை என்பதையும் புதிதாகக் கிளம்புகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

பொருத்தும் வேலையைப் பொறுமையாகச் செய்ய வேண்டும். குப்பியை நிமிர்ந்த நிலையில், நாசிலைவிட உயரத்தில், சைலன்சரின் சூடு படாத இடத்தில் கட்ட வேண்டும். நாசிலின் முனை பின் ஸ்ப்ராக்கெட்டின் பக்கவாட்டு முகத்தை, பற்களுக்குச் சற்று உள்ளே, கீழ்ப்பாதியில் மென்மையாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஸ்ப்ராக்கெட் சுழலும்போது எண்ணெய் தானாகவே வெளிப்புறமாக நகர்ந்து ரோலர்களை அடைகிறது. செயினின் மேல் நேராகச் சொட்டுமாறு வைத்தால் பாதி எண்ணெய் காற்றில் பறந்து டயரில் படியும். கையேட்டில் நாசிலின் இடம் தெளிவான படத்துடன் இருக்கிறது. ஆனால் உறிஞ்சலை எங்கிருந்து எடுப்பது என்ற பகுதி மிகச் சுருக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. இந்தத் தொகுப்பில் நான் கண்ட பெரிய குறை இதுவே. எரிபொருள் உட்செலுத்தும் வண்டிகளில், இன்டேக் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குப் போகும் டியூப்பிலேயே டி இணைப்பை மாட்டிவிடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் அப்படி மாட்டினால் சென்சாரின் கணக்கு கலங்கி எஞ்சின் ஒழுங்காக ஓடாது. உறிஞ்சல் எடுப்பதற்கென்று, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் தனியாக இருக்கும் முனையைத் தேடிப் பிடிக்க வேண்டும். இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும்.

சமவெளியில் கருவியைப் பற்றி நினைக்கவே வேண்டியிருக்கவில்லை. காலையில் செயினை விரலால் தொட்டுப் பார்த்தால் மெல்லிய ஈரம் இருக்கும். விரலில் பழுப்பாக ஒட்டினால் அளவு சரி, கறுப்பாக வழிந்தால் அதிகம், காய்ந்திருந்தால் குறைவு. மலையில்தான் அதன் பலவீனங்கள் ஒன்றாகச் சேர்ந்து வெளிப்பட்டன. குளிரில் எண்ணெய் கெட்டியாகிச் சொட்டும் வேகம் தானாகவே குறைகிறது. 4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் என்பதால் எஞ்சின் உண்டாக்கும் உறிஞ்சலும் குறைகிறது. இவற்றுக்கு மேல், நீண்ட ஏற்றத்தில் த்ராட்டிலை அதிகமாகத் திறந்தே ஓட்டுவதால் இன்டேக் குழாயின் உறிஞ்சல் இன்னும் தளர்ந்து, வால்வு மூடிக்கொள்ளவும் கூடும். ஆகவே கணவாய்களில் ஏறும்போது அளவைக் கூட்டும் திருகைத் திறந்து வைத்தேன். இறங்கும்போது அதை மறுபடி குறைக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். வெயிலுள்ள பள்ளத்தாக்கை அடைந்ததும் அதே எண்ணெய் தண்ணீராகிப் பெருகி, பின் டயரின் ஓரத்தை நனைத்துவிடும். வளைவில் சாய்கிற டயரில் எண்ணெய் படிவதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. இறங்கி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் டயரின் இடப்பக்கச் சுவரைப் பார்த்துவிடும் பழக்கம் இந்தக் கருவி வைத்திருப்பவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

புழுதிப் பாதையில் ஒருமுறை குப்பி நிறைய எண்ணெய் இருந்தும் செயின் காய்ந்துகொண்டே வந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் நாசிலின் கீழே வெள்ளைக் காகிதம் ஒன்றை வைத்து, எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டுச் சொட்டுகளை எண்ணுவதே சரியான முதல் படி. சொட்டு விழவில்லை. குப்பியின் மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் இரண்டு மூன்று சொட்டுகள் அடுத்தடுத்து விழுந்தன. மூடியிலிருந்த காற்றுத் துளையைப் புழுதி அடைத்துவிட்டதால், எண்ணெய் இறங்க இறங்க உள்ளே காற்று புக வழியில்லாமல் ஓட்டம் நின்றிருக்கிறது. துளையைச் சுத்தம் செய்து, அதன் மேல் ஒரு சிறு ஸ்பாஞ்சுத் துண்டைக் கட்டியதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொரு பழுது எஞ்சினையே சந்தேகிக்க வைத்தது. நிறுத்தி வைத்த வண்டியில் எஞ்சினின் வேகம் தானாக ஏறி இறங்கியது. த்ராட்டிலை மூடும்போது சைலன்சரில் படபடவென்று வெடிச்சத்தம் கேட்டது. எரிபொருள் பம்ப், சென்சார், வால்வு இடைவெளி என்று மனம் எங்கெங்கோ போகும். ஆனால் வண்டியில் கடைசியாகக் கூட்டிய பொருளை முதலில் கழற்றிப் பார்ப்பதுதான் பழுது தேடும் முறை. த்ராட்டில் பாடியிலிருந்து ஆயிலரின் டியூப்பை உருவி, அந்த முனையை ரப்பர் மூடியால் அடைத்ததும் எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியது. டியூப்பை வெளிச்சத்தில் வளைத்துப் பார்த்தால், இணைப்பின் விளிம்பில், சிலிண்டரின் சூடு பட்டுப் பட்டு இறுகிப்போன இடத்தில், மயிரிழை அளவுக்கு ஒரு கீறல். அதன் வழியே அளவில் சேராத காற்று உள்ளே புகுந்து கலவையை நீர்த்துப்போகச் செய்திருக்கிறது. கீறிய நுனியை வெட்டிவிட்டு மிச்ச டியூப்பை மறுபடி மாட்டினேன். பொருத்தும்போதே இருபுறமும் விரற்கடை அளவு கூடுதல் நீளம் விட்டிருந்ததால்தான் அது முடிந்தது. ரப்பர் மூடி கையில் இல்லாவிட்டால் பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகியிருக்கும். மூடி, டியூப் இரண்டும் அந்த ஒப்பந்தப் பட்டியலில் வந்தவை.

நிறுவனத்தின் சேவையைப் பற்றி மனநிறைவோடு எழுத முடிகிறது. கீறலின் படத்தை அனுப்பிய மறுநாளே அவர்களின் பொறியாளர் கையால் வரைந்த படம் ஒன்றை அனுப்பி, டியூப்பைச் சிலிண்டருக்கு எதிர்ப்புறமாகக் கொண்டுபோகும் வழியைக் காட்டினார். புதிய டியூப்பைப் பார்சலில் அனுப்பட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். நடுவழியில் சிறு பார்சலுக்காகச் சுங்க அலுவலகத்தில் காத்துக் கிடப்பதும் அதற்குத் தீர்வை கட்டுவதும் பயணத்தின் நாள்களை விழுங்கிவிடும். அதே விட்டமுள்ள, வெப்பம் தாங்கும் ரப்பர் எரிபொருள் டியூப் எந்த மெக்கானிக்கிடமும் கிடைக்கும். இங்கே தயாரிப்பாளருக்கு ஒரு பாராட்டைத் தெரிவிக்க வேண்டும்: தங்களுக்கே உரிய விட்டங்களையும் நட்டுகளையும் புகுத்தாமல், பரவலாகக் கிடைக்கும் அளவுகளையே பயன்படுத்தியிருக்கிறார்கள். எண்ணெய்க்கும் அப்படித்தான். அவர்களின் சொந்த எண்ணெய் தீர்ந்த பிறகு, பல செயின் தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கும் 80டபிள்யூ-90 கியர் எண்ணெயை ஊற்றி ஓட்டினேன். வெயிலில் அது நன்றாக வேலை செய்தது. குளிரில் மட்டும் சொட்ட மறுத்ததால், அங்கே நீர்த்த எண்ணெய்க்கு மாறினேன்.

செயினின் நிலையைப் பார்ப்போம். 520, 525, 530 என்ற எல்லா அளவுகளிலும் இரண்டு பின்களுக்கு இடைப்பட்ட தூரம் 15.875 மில்லிமீட்டர். ஆகவே புதிய செயினில் 20 கண்ணிகளின் நீளம் 317.5 மில்லிமீட்டர் இருக்கும். சுசூகியின் பல கையேடுகள் 319.4 மில்லிமீட்டரில் செயினை மாற்றச் சொல்கின்றன. இழுத்துப் பிடித்துக் காலிப்பரால் ஒரே இடத்தில் மட்டும் அளப்பது ஏமாற்றிவிடும் என்பதால், செயினைச் சுற்றிப் பல இடங்களில் அளந்து, அதிகமாக நீண்ட இடத்தையே கணக்கில் எடுத்தேன். முந்தைய செயின் ஸ்ப்ரேயில் மாற்றும் அளவை எட்டிய அதே தூரத்தில், இந்தச் செயின் அந்த எல்லையில் பாதியைக்கூடத் தொடவில்லை. பாதையும் சுமையும் ஒன்றல்ல என்பதால் இதை ஆய்வாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல் வளையாமல் சமமாக நின்றதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. செயினை இறுக்க வேண்டிய தேவையும் வெகுவாகக் குறைந்தது. இது சிறிய நன்மை அல்ல. சுமை ஏற்றிய வண்டியில் செயினை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டால், கியர்பாக்ஸின் வெளித்தண்டு, ஸ்விங் ஆர்மின் அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் கணத்தில் முழு இழுவையும் கியர்பாக்ஸ் பேரிங்கின் மேல் விழுகிறது. செயினை எங்கேயும் மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பேரிங்கை மாற்ற எஞ்சினையே பிரிக்க வேண்டும்.

மாற்று வழிகளும் இருக்கின்றன. அசைவை உணர்ந்து பம்ப் மூலம் அளந்து விடும் மின்னணு ஆயிலர்கள் உயரத்தாலும் த்ராட்டிலாலும் பாதிக்கப்படுவதில்லை. மலைப்பாதையே பிரதானம் என்றால் அவையே பொருத்தம் என்பது என் கணிப்பு, ஒயரிங்கைச் சரிபார்க்கத் தெரிந்திருந்தால். கையால் திருகித் திறந்து மூடும் மலிவான வகைகளில் உறிஞ்சல் டியூப்பே இல்லை. ஆகையால் எஞ்சினுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் மூட மறந்தால் நிறுத்திய இடத்தில் எண்ணெய்க் குளம்தான். வார இறுதியில் நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டுபவர்களுக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, கியர் எண்ணெய் பூசினாலே போதும். பெட்ரோலால் மட்டும் துடைக்கக் கூடாது, ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். உறிஞ்சல் இணைப்பைப் பற்றிய பக்கத்தைக் கையேட்டில் விரிவாக எழுதி, காற்றுத் துளைக்கு ஒரு வடிகட்டியையும் சேர்த்தால் மிச்ச ஒன்றையும் தந்துவிடுவேன். அளவுகள், படங்கள், பழுதுகள் அடங்கிய அறிக்கையை நிறுவனத்துக்கு அனுப்பியபோது இந்த இரண்டையும் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். வடிகட்டி வைத்த மூடியின் மாதிரி ஒன்றைத் தயாரித்திருப்பதாகவும், அடுத்த பயணத்தில் சோதித்துப் பார்க்க முடியுமா என்றும் பதில் வந்திருக்கிறது. நாசில் முனைகளையும் அதோடு சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.